நூல் கட்டிய மருந்துப் புட்டி

பலாமரத்தில் சாத்திய ஏணியின் பாதியில் எனக்கு மூச்சு முட்டியது. அதுதான் தொடக்கம்.

எங்கள் திருப்புலி நாட்டில் மிளகுக் கொடியைப் பலாமரத்தில் ஏற்றிவிடுவோம். ஒற்றை மூங்கிலில் கணுக்களை விட்டு வெட்டிய ஏணியில் ஏறி, இடுப்பில் கட்டிய பையில் சரங்களைப் பறித்துப் போட வேண்டும். பதினாறு வயதிலிருந்து நான் செய்துவரும் வேலை. அன்று பாதி ஏறியதும், யாரோ பின்னாலிருந்து நெஞ்சைக் கட்டி இறுக்கியது போல இருந்தது. மூங்கிலைக் கட்டிக்கொண்டு நின்றேன். கீழே என் தம்பி சடையன் பையை வாங்கக் காத்திருந்தான்.

“ஏனுங்கண்ணா, மரத்து மேலயே தூங்கிட்டீங்களா?” என்றான்.

“எறும்பு,” என்றேன்.

அது பொய். என் பொய்கள் இன்னும் சில இதில் வரும். நான் கூச்ச சுபாவம் உள்ளவன். உடம்பைப் பற்றிப் பிறரிடம் பேச வராது. ஏழாம் வகுப்பு வரைதான் படித்தேன். எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், “இதே நோய் கண்டவர்கள் படிக்கட்டும், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்” என்று சொன்னதால் எழுதுகிறேன். நோயின் பெயர் இதய வால்வு நோய். (வால்வு என்பது இதயத்துக்குள் இரத்தத்தை ஒரே பக்கமாகப் போகவிடும் கதவு.) அப்போது எனக்கு வயது நாற்பத்திரண்டு. யுத்த காலம்.

மலையில் இருப்பவர்களுக்கு எந்த உடம்பு நோவும் முதலில் காய்ச்சல்தான். மலைக் காய்ச்சல் வராத வீடு எங்கள் பக்கம் இல்லை. என் மனைவி பாவாயி எங்கோ கேட்டு வாங்கி வைத்திருந்த கொயினா மாத்திரையை விழுங்கினேன். காது இரைந்தது. மூச்சு மாறவில்லை. பாறைமேட்டுக் காட்டுக்குப் போகும் ஏற்றத்தில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். பிறகு நான்கு இடத்தில். யாராவது வந்தால் காலில் முள் தைத்தது போலக் குனிந்துகொள்வேன்.

ஒரு நாள் காலையில் இருமியபோது சளியில் இரத்தம் வந்தது. செம்மண் கரைத்த நிறம். காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். நிமிர்ந்தால், சடையன் மனைவி செல்லாயி தன் வீட்டு வாசலில் முறத்தோடு நின்றிருந்தாள். அவள் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். அவள் பார்த்ததை நான் பார்த்தேன் என்று அவளுக்கும் தெரியும்.

அன்று மதியம் அவள் வீட்டிலிருந்து கீரையும் களியும் வந்தன. சாப்பிட்ட சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லையில் நின்ற இரண்டு பலாமரங்கள் யாருடையவை என்று எனக்கும் தம்பிக்கும் பேச்சு வந்து, முந்தின வருஷம் ஐந்து மாதம் பேசாமல் இருந்தோம். பிறகு சமாதானம் ஆகிவிட்டது. ஆனால் சமாதானம் ஆன பிறகுதான் நான் அதைப் பற்றி அதிகம் யோசித்தேன். ஏன் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தான்? ஏன் இப்போது களி வருகிறது?

வேண்டாதவர்கள் சோற்றில் எதையோ கலந்து கொடுத்துவிடுவார்கள், அது வயிற்றில் தங்கி ஆளை உருக்கும் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை உண்டு. மருந்து வைத்துவிட்டார்கள் என்பார்கள். அதை எடுப்பதற்கென்று கீழே காரவள்ளிப் பக்கம் ஓர் அம்மாள் இருந்தார். சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாக மலை இறங்கினேன்.

அந்த அம்மாள் என்னைப் படுக்கவைத்து, வயிற்றில் ஒரு குழலை வைத்து உறிஞ்சி, பித்தளைத் தட்டில் துப்பினார். முடியும் சாம்பலும் சேர்ந்தது போல ஒரு சிறிய உருண்டை.

“பாத்துக்க சாமி. பொம்பளக் கை வெச்சது.”

“யாருன்னு தெரியுமுங்களா?”

“அடுப்பு வேற, செவுரு ஒண்ணு. இதுக்கு மேல என்னையக் கேக்காத.”

எனக்கும் தம்பிக்கும் நடுவே ஒரே சுவர்தான். கேட்க வேறொன்றும் இல்லை.

நான்கு நாள் உடம்பு நன்றாகவே இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஐந்தாம் நாள் மலை முழுவதையும் நெஞ்சின் மேல் வைத்தது போல ஆனது. மருந்து மறுபடியும் வைத்துவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். செல்லாயி கொடுத்தனுப்பிய களியை யாருக்கும் தெரியாமல் நாய்க்கு வைத்தேன். நாய் தின்றுவிட்டு வாலை ஆட்டியது. மனிதனுக்கு மட்டும் வேலை செய்யும் மருந்து போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒருவன் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டால் நாய் பிழைத்ததுகூட அவனுக்குச் சாட்சியாகிவிடும்.

பிறகு கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டும். சாமை மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினேன். கால் வீங்கிய எட்டாம் நாள் சடையன் வந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனான். மூன்று ஆட்களோடும் ஒரு மூங்கிலோடும் திரும்பி வந்தான்.

“எங்கடா?”

“கீழ, ஆஸ்பத்திரிக்குங்க.”

“நான் வரல.”

“நீங்க எங்கீங்க வர்றது? நாங்கதான தூக்கறோம்,” என்றான்.

கம்பளியை மூங்கிலில் தூளியாகக் கட்டி என்னைச் சாய்த்து உட்காரவைத்து இறக்கினார்கள். பாவாயி பின்னால் நடந்து வந்தாள். வழியில் ஊற்றில் தண்ணீர் பிடித்துச் சடையன் நீட்டினான். அவனை முதலில் குடிக்கச் சொன்னேன். என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு இரண்டு வாய் குடித்துவிட்டுச் சொம்பைக் கொடுத்தான். காரவள்ளியிலிருந்து வண்டி. பிறகு கரி எரித்து ஓடும் பஸ். டவுன் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னை இறக்கியபோது பொழுது சாய்ந்திருந்தது.

டாக்டர் ஐம்பது வயதுக்காரர். அதிகம் பேசாதவர். அதனாலேயே அவர் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கழுத்து நரம்பைப் பார்த்தார். காலை அழுத்தினார். இரண்டு விரலால் நெஞ்சில் தட்டித் தட்டி, தச்சன் மரம் பார்ப்பது போலக் கேட்டார். பிறகு இடது பக்கம் ஒருக்களிக்கச் சொல்லி, ஸ்டெதாஸ்கோப்பை (நெஞ்சின் சத்தத்தைக் காதில் கேட்கவைக்கும் குழாய்) இடது மார்புக்குக் கீழே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் மூடியிருந்தார். பிறகு சடையனைக் கூப்பிட்டுக் குழாயை அவன் காதில் மாட்டினார்.

“என்ன கேட்கிறது?”

சடையன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். “திருகையில ராகி அரைக்கிற மாதிரி கேக்குதுங்க. உள்ள யாரோ மெதுவா அரைக்கறாங்க.”

டாக்டர் முதல் முறையாகச் சிரித்தார். “நாங்கள் அதைப் படித்துக் கற்றுக்கொண்டோம். நீர் ஒரு தடவையில் சொல்லிவிட்டீர்.”

என் நெஞ்சின் சத்தத்தை என் தம்பி கேட்டுவிட்டான் என்பது எனக்கு அவமானமாக இருந்தது. அதில் இன்னும் என்னென்ன கேட்டிருக்குமோ என்று இருந்தது.

மறுநாள் காலை டாக்டர் கட்டில் அருகில் நின்று கேட்டார். “சின்ன வயதில் உங்களுக்கு மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டா? முதலில் தொண்டை வலித்து, பிறகு முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு என்று வீக்கம் இடம் மாறிப் போகும்.”

பாவாயி கால்மாட்டில் நின்றிருந்தாள்.

“இல்லீங்க,” என்றேன்.

வந்தது. கீழ்நாட்டில் மாமன் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது, பன்னிரண்டு வயதில் வந்தது. அவர் சொன்னபடியே தொண்டை, முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு. இரண்டு மாதம் நடக்க முடியவில்லை. படிப்பு அதோடு நின்றது. எனக்குப் பெண் பார்த்தபோது, அதை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று என் தாய் சொல்லியிருந்தாள். முடக்கு வந்த பையனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? இருபது வருஷமாகக் காப்பாற்றிய ரகசியம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டதும் விட்டுவிட மனம் வரவில்லை.

அந்தப் பொய்யால் வந்த வினை உடனே தெரிந்தது. டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். “அப்படியானால் வேறு காரணம் தேட வேண்டும்,” என்றார். பாவாயியை வெளியே போகச் சொன்னார். குரலைத் தாழ்த்தி, வெளிப்பெண் சகவாசம் உண்டா, மேகநோய் (தகாத உறவால் தொற்றும் நோய்) வந்ததா என்று கேட்டார். அதுவும் இதயத்துக் கதவைக் கெடுக்குமாம். எனக்குக் காது வரை எரிந்தது. இல்லை என்று தலையை ஆட்டினேன். முந்தின கேள்விக்கு ஆட்டியது போலவே ஆட்டியிருப்பேன். அவர் நம்பவில்லை. இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

பாவாயி உள்ளே வந்தாள். “எதுக்குங்க என்னைய வெளிய போவச் சொன்னாரு?”

“சும்மாதான்.”

“சும்மாவா வெளிய போவச் சொல்லுவாங்க?”

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அதிலிருந்து எனக்கு அவள் மேலும் அவளுக்கு என் மேலும் ஒரு சந்தேகக் கண். இரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று பிறகு முடிவு வந்தது. அது எதற்காகச் செய்த சோதனை என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

மூன்று வாரம் அங்கே இருந்தேன். முதல் ஊசியிலேயே நிறைய நீர் பிரிந்து கால் வீக்கம் வடிந்தது. உப்பை அடியோடு நிறுத்தினார்கள். மூச்சு சற்றுத் திரும்பியதும் டாக்டர் நோயை விளக்கினார். கொல்லன் துருத்தியைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். துருத்திக்குள் ஒரு தோல் மடல் இருக்கும். காற்று உள்ளே வரும்போது திறக்கும்; அழுத்தும்போது மூடிக்கொள்ளும். இதயத்தில் நான்கு அறைகள், நான்கு கதவுகள். எனக்குக் கெட்டிருப்பது இடது பக்கத்து மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் உள்ள மிட்ரல் வால்வு. அதன் இதழ்கள் தடித்து, ஓரங்கள் ஒட்டி, வழி குறுகிவிட்டது. கீழே இறங்க முடியாத இரத்தம் நுரையீரலில் தேங்குகிறது. மூச்சு முட்டுவது அதனால்; சளியில் இரத்தம் வந்ததும் அதனால்.

“சயம் இல்லீங்களா?” என்று பாவாயி கேட்டாள். காசநோயைச் சொல்லும் அந்தச் சொல்லை அவள் வாயில் அன்றுதான் கேட்டேன். எத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தாளோ.

“இல்லை அம்மா. இது யாருக்கும் தொற்றாது.”

“அறுத்துச் சரி பண்ண முடியாதுங்களா?” என்றான் சடையன்.

“வெளிநாட்டில் சிலர் முயன்று பார்த்ததாகப் படித்திருக்கிறேன். இன்னும் கைவரவில்லை. ஒருநாள் வரலாம். இப்போது நம்மால் முடிந்தது, கெட்ட கதவோடு இந்த இதயத்தை நிதானமாக ஓட்டுவது.”

அதற்கு டிஜிடாலிஸ் என்ற மருந்து. (ஒரு செடியின் இலையிலிருந்து எடுப்பது, தாறுமாறாக ஓடும் இதயத்தை அடக்கி நடத்தும்.) சொட்டுக் கணக்கில் தண்ணீரில் விட்டு நான் குடிக்க வேண்டும். எத்தனை சொட்டு என்று இங்கே எழுதப் போவதில்லை. அது ஆளுக்கு ஆள் வேறு. டாக்டர் மட்டுமே சொல்ல வேண்டியது. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது இன்னும் சற்று நேரத்தில் தெரியும்.

“இதில் ஒரு சங்கடம்,” என்றார் டாக்டர். “அளவு மிஞ்சினால் இதயம் மிக மெதுவாகிவிடும். அதனால் தினமும் நாடி எண்ண வேண்டும். கடிகாரம் இருக்கிறதா?”

எங்கள் ஊரில் யாரிடமும் இல்லை.

அவர் சற்று யோசித்துவிட்டுப் பாவாயியின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் கடிகாரத்தைப் பார்த்தார். “எழுபத்திரண்டு. நல்ல நாடி. அம்மா, நீங்கள்தான் இனிக் கடிகாரம். காலையில் ஒரு கையால் உங்கள் நாடியைப் பிடியுங்கள், இன்னொரு கையால் அவருடையதை. உங்களுடையது பத்து அடிப்பதற்குள் அவருடையது எட்டுக்குக் குறைந்தால் மருந்தை நிறுத்திவிட்டு ஆள் அனுப்புங்கள்.” ஒரு கையால் தன் நாடியைத் தானே பிடிக்க வராததால், தாவாய்க்குக் கீழே கழுத்தில் வைத்துக்கொள்ள அவளுக்குப் பழக்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை பாவாயி வாசலில் என் எதிரே உட்கார்ந்து, “கையக் குடுங்க,” என்றாள். செல்லாயி அப்போதுதான் தண்ணீர்க் குடத்தோடு வந்தாள்.

“என்னக்கா, மறுக்காவும் கலியாணமா? எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லக் கூடாதா?” என்று சிரித்தாள்.

நான் கையை இழுத்துக்கொண்டேன். பட்டப்பகலில், ஊர் பார்க்க, மனைவியிடம் கையைக் கொடுத்துக்கொண்டு உட்கார என்னால் ஆகவில்லை. அடுத்த நாளும் கொடுக்கவில்லை. எங்களுக்குக் கடிகாரம் இருந்தும் ஒருநாளும் மணி பார்க்கவில்லை.

மருந்து கசந்தது. முதல் நாளே சந்தேகம் வந்தது. இலையிலிருந்து எடுத்த மருந்து என்கிறார். அளவு மிஞ்சினால் ஆபத்து என்றும் அவரே சொல்கிறார். இரண்டாம் நாள் சொட்டு விட்ட தண்ணீரைக் கொல்லையில் வாழைக்கடியில் ஊற்றினேன். அன்று சாயந்திரமே மூச்சு வாங்கியது. பயந்துபோய் மூன்றாம் நாளிலிருந்து ஒரு வேளை தவறாமல் குடித்தேன். ஆனால் நான் பயந்தது தெரியக்கூடாதென்று யாரும் பார்க்காத நேரத்தில் குடித்தேன்.

புட்டி எறவாணத்தில், கூரை இறங்கும் விளிம்பில், செருகியிருந்தது. யாராவது அதில் கை வைக்கிறார்களா என்று பார்க்க, மருந்து நின்ற மட்டத்தில் ஒரு கறுப்பு நூலைச் சுற்றிக் கட்டினேன். நான் எடுப்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். மறுநாள் பார்த்தால் அதைவிடக் கீழே இறங்கியிருந்தது. நூலைக் கீழே நகர்த்திக் கட்டினேன். மறுநாளும் அப்படியே.

யாரோ என் மருந்தைத் திருடிக் கொட்டுகிறார்கள். நான் சாக வேண்டும் என்று நினைக்கும் ஒருவர் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்.

இரண்டாவது வாரம் பசி நின்றது. சோற்றைக் கண்டாலே குமட்டியது. ஒரு நாள் பகலில் பாவாயி சாமைச் சோறு போட்டாள். மஞ்சளாக இருந்தது.

“சோத்துல என்னத்துக்கு மஞ்சளக் கொட்டியிருக்க?”

“மஞ்சளா? வெள்ளையாத்தானுங்க இருக்குது.”

“எனக்குக் கண்ணு தெரியலீங்கறயா?”

“உப்பே போடாத சோத்துல மஞ்சள் எதுக்குங்க போடப்போறேன்?”

என் வேட்டியைப் பார்த்தேன். அதுவும் மஞ்சள். சுண்ணாம்பு அடித்த சுவரும் மஞ்சள். வெளியே வானம் பழுத்த இலை போல இருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே வாந்தி எடுத்தேன். நெஞ்சு ஒரு அடி அடித்துவிட்டு, அடுத்ததை மறந்துவிட்டது போல வெகுநேரம் நின்றது. சத்தம் கேட்டுச் சடையனும் செல்லாயியும் ஓடி வந்தார்கள்.

அப்போது நான் பேசியதைத்தான் எழுதக் கூச்சமாக இருக்கிறது. புட்டியை எடுத்து நூலைக் காட்டினேன். களியில் கலந்ததும் மருந்தைக் கொட்டியதும் ஒரே கைதான் என்றேன். காரவள்ளி அம்மாள் சொன்னதையும் சொன்னேன். யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

செல்லாயி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. “எச்சில்ல ரத்தம் வந்துச்சேன்னுதானுங்க மாமா கீரை ஆஞ்சு களி கிண்டி அனுப்பினேன்,” என்றாள். உள்ளே போய்விட்டாள்.

சடையன் சொன்னான்: “சரி. புட்டிய எடுத்துக்கங்க. டாக்டருகிட்டயே போலாம். அவரு சொல்லட்டும், எந்தக் கைன்னு.”

எனக்கு அதைவிட வேறு வேண்டாம். மறுபடியும் தூளி. புட்டியைத் துணியில் சுற்றி, கோர்ட்டுக்குச் சாட்சி கொண்டுபோவது போல மடியில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

டாக்டர் என் நாடியைப் பிடித்ததும் முகம் மாறியது. “நாற்பத்து நான்கு,” என்றார். எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறதா என்று அவராகவே கேட்டார். நான் சொல்லாததை அவர் கேட்டதும், அவருக்கும் இதில் பங்கு உண்டோ என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த அளவுக்குப் போயிருந்தேன்.

புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “எத்தனை நாளுக்குக் கொடுத்தேன், எவ்வளவு தீர்ந்திருக்கிறது! இரண்டு மடங்கு. யார் கொடுக்கிறார்கள் மருந்தை?”

“நானே குடிச்சுக்கறனுங்க. ஒரு வேளைகூடத் தப்பல,” என்றேன்.

பின்னால் நின்றிருந்த பாவாயி ஓர் அடி முன்னால் வந்தாள்.

“நானும் குடுத்தனுங்க,” என்றாள் பாவாயி.

நான் அவளைப் பார்த்தேன். அவள் டாக்டரைப் பார்த்துத்தான் பேசினாள். “வாழைக்கடியில ஊத்துனதப் பாத்தனுங்க. அதுக்குப் பொறவு குடிச்சு ஒரு நாளும் பாக்கல. ஊத்திட்டேதான் இருக்கறாருன்னு நெனச்சேன். கேட்டா சொல்ல மாட்டாரு. அதான் நீங்க சொன்ன சொட்ட எண்ணிக் கஞ்சியில விட்டுக் கலக்கிக் குடுத்தேன். உப்பில்லாத கஞ்சி, கசப்பு தெரியலீங்க.”

என் சோற்றில் மருந்து கலந்த பெண் கை எது என்று தெரிந்துவிட்டது. அது என்னைச் சாகவிடக்கூடாதென்று கலந்தது. அதுதான் என்னைச் சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. குற்றத்தில் பாதிகூட அவளுடையது இல்லை. அவள் எதிரில் நான் குடித்திருந்தால் இது நடந்தே இருக்காது.

“நாடி எண்ணச் சொன்னேனே?” என்றார் டாக்டர். அவருக்குக் கோபம் வந்திருந்தது. “இரண்டாம் நாளே தெரிந்திருக்குமே?”

“நான் கையக் குடுக்கலீங்க,” என்றேன்.

மருந்தை நிறுத்தி என்னை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். உடம்பில் சேர்ந்தது தானாகக் கழிய வேண்டும், காத்திருப்பதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை என்றார். முதல் இரண்டு நாள் பிழைப்பேனா என்று அவருக்கே தெரியவில்லை. பாவாயி கட்டிலுக்கு அடியிலேயே இருந்தாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிப் போர்வை வெள்ளையாகத் தெரிந்தது.

அன்று அவளிடம் சொன்னேன். பன்னிரண்டு வயதுக் காய்ச்சலை, வீங்கிய முழங்காலை, டாக்டர் அவளை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டதை. தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

“அந்தக் காச்சலா?” என்றாள். “உங்கம்மா கலியாணமான மூணாம் நாளே சொல்லிட்டாங்க. குளுருல முழங்காலு நோவும், எண்ணெ தேச்சு உடு கண்ணுன்னு. இத்தன வருசமா எதுக்குத் தேச்சு உட்டேன்னு நெனச்சீங்க?”

இருபது வருஷம் அவள் தேய்த்த எண்ணெய்க்கு நான் ஒரு காரணமும் தேடியதில்லை. சந்தேகப்பட வேண்டியதையெல்லாம் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

டாக்டரிடமும் சொன்னேன். “இதை முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தக் கேள்வி எதற்கு? அந்தச் சோதனை எதற்கு?” என்றார். பிறகு பொறுமையாகச் சொன்னார். சிறு வயதில் தொண்டைப் புண்ணுக்குப் பின் வரும் அந்த மூட்டுக் காய்ச்சல் மூட்டை விட்டுப் போய்விடும். இதயத்தை விட்டுப் போகாது. கதவில் ஒரு வடுவை வைத்துவிட்டுப் போகும். வடு வருஷக்கணக்கில் மெதுவாகத் தடித்துச் சுருங்கும். ஆள் நடமாடுவான், உழுவான், மரம் ஏறுவான். முப்பதிலோ நாற்பதிலோ ஒரு நாள் மூச்சு வாங்கும். உங்கள் குழந்தைகளுக்கு அப்படிக் காய்ச்சல் வந்தால், மூட்டு சரியானதும் எழுப்பி நடக்கவிடாதீர்கள். நீண்ட நாள் படுக்கையில் வைத்திருங்கள். டாக்டரிடம் மறைக்காதீர்கள். நான் இதை எழுதுவதே அந்த இரண்டு வரிக்காகத்தான்.

இப்போது மூன்று வருஷம் ஆகிறது. நோய் போகவில்லை. போகாது என்று தெரியும். மிளகைச் சடையன் பறிக்கிறான். நான் கீழே உட்கார்ந்து சரத்திலிருந்து மணியை உதிர்க்கிறேன். எல்லைப் பலாமரம் இரண்டிலும் அவன்தான் ஏறுகிறான். யாருடையவை என்று இன்னும் தீரவில்லை, யாரும் கேட்பதுமில்லை. ஊற்றுக்கு எவ்வளவு தூரம் என்றால் முன்பு ஒரு கூப்பிடு தூரம் என்பேன். இப்போது மூன்று உட்காரல் என்கிறேன். அந்த உட்காரல்களில் பாறையில் என்ன செடி முளைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாற்பது வருஷம் தெரியாது.

தினமும் காலையில் வாசலில் உட்கார்ந்து பாவாயியிடம் கையைக் கொடுக்கிறேன். ஊர் பார்த்துப் பழகிவிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவாள். எண்ணி முடித்ததும், “செரியா இருக்குதுங்க,” என்பாள். சில நாள் அதைச் சற்று வேகமாகச் சொல்வாள். அந்த நாட்களில் நான் அவள் முகத்தைக் கூர்ந்து பார்ப்பேன். பழக்கம் விடுமா?

சென்ற ஐப்பசியில் ஒரு காலை. எண்ணியவள் கண்ணைத் திறந்து, “இன்னைக்கு உங்களுது ஏழுதானுங்க,” என்றாள். மறுபடி எண்ணினாள். மறுபடியும் ஏழு.

எனக்கு மஞ்சள் தெரியவில்லை. குமட்டல் இல்லை. நெஞ்சு நிற்கவில்லை. மெதுவாக, “உன்றது ஓடுதா?” என்றேன்.

“என்றதுக்கு என்னங்க கேடு?”

அவள் நெற்றியில் கையை வைத்தேன். கொதித்தது. இரண்டு நாளாகக் காய்ச்சல். அதை என்னிடம் மறைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றிருக்கிறாள். என் நாடி மெதுவாகவில்லை. கடிகாரம்தான் வேகமாக ஓடியிருக்கிறது. அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் நினைப்பை நம்பிச் சொட்டு விடுவதா? இரண்டு கையில் எது கெட்டது என்று சொல்ல மூன்றாவதாக ஒரு கை வேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் கேட்டது. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாளிலிருந்து செல்லாயி என்னிடம் கேட்டதற்குப் பதில் சொல்வாள்; தானாகப் பேசமாட்டாள். அவள் வீட்டுக் களி எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. நானும் மன்னிப்புக் கேட்டதில்லை. எப்படிக் கேட்பதென்று தெரியாமலேயே மூன்று வருஷம் ஓடிவிட்டது.

எழுந்து அவள் வாசல் வரை போனேன். பத்தடி தூரம். “செல்லாயி,” என்றேன். “உன்ற கை வேணும்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சொன்னதும்தான் எனக்கே உறைத்தது, எந்தக் கையைக் கேட்டிருக்கிறேன் என்று. அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். கழுவிக்கொண்டிருந்த சட்டியை வைத்துவிட்டு வந்தாள். பாவாயி விஷயத்தைச் சொன்னாள்.

“இந்தக் கைய நம்பிச் சொட்டு உடுவீங்களா மாமா?” என்று கேட்டாள். சிரிக்காமல்தான் கேட்டாள்.

“உடுவேன்,” என்றேன்.

அவள் பாவாயியின் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். ஈரம் சொட்டியது. பாவாயி ஒரு கையில் அவள் மணிக்கட்டையும் இன்னொரு கையில் என்னுடையதையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். வெயில் அப்போதுதான் வாசலுக்கு வந்திருந்தது. பாவாயியின் விரல் சுட்டது. அதற்குக் கீழே என் நாடி தட்டியது, தப்பியது, மறுபடி தட்டியது. எனக்குத் தெரிந்த காலம் இப்போதெல்லாம் அவ்வளவுதான், ஒரு தட்டலுக்கும் அடுத்த தட்டலுக்கும் நடுவே. மூன்று பேரும் மூச்சுவிடாமல் காத்திருந்தோம்.

“அவளுது பத்து,” என்றாள் பாவாயி. “உங்களுது ஒம்பது.”

செல்லாயி கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். எழுந்து போய், எறவாணத்திலிருந்து புட்டியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.